இடாப்பில் வெட்டிய பெயர்கள்

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரியும் என்பது எமது ஊரார் நம்பிக்கை. நம்புதற்கரிய வேறொன்றும் இம்மண்ணில் நடந்தது. அயலூரான தண்ணீரூற்றில் முஸ்லிம் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்தனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தனர். பெரும்பாலோருக்குப் புத்தளம் புகலிடமாயிற்று. வகுப்பில் வாங்குகள் வெறுமையாயின. ஆசிரியராகிய நாமோ இடாப்பில் பெயர்களை வெட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம்.

2009இல் போர் முடிந்தபின் சிலர் மீண்டனர். அவர்தம் பிள்ளைகள் பலர் புத்தளத்தில் பிறந்தவர்கள். பெற்றோரின் ஊர் அவர்களுக்கு அந்நியமானது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரோ, குற்றமறியாத முஸ்லிம் இளைஞரையும் சந்தேகக் கண்கள் தொடர்ந்தன.

இவர்களிடையே பணிபுரியும் இளைஞர் ஊழியருக்கு நல்லெண்ணம் மட்டும் போதுமா? போதாது; முறையான பயிற்சி வேண்டும். இவ்வரலாற்றை அவர் கற்கவேண்டும். உபதேசிக்குமுன் செவிமடுக்கப் பழகவேண்டும். இளைஞர் நம்பிச் சொன்னதை உளவுச் செய்தியாக்காத உறுதி வேண்டும். காணி, கல்வி, தொழில் ஆகிய கோரிக்கைகளில் அவர்களோடு நிற்கவேண்டும். தமிழ் இளைஞரையும் அதே வட்டத்தில் அமர்த்தவேண்டும்.

முதற் பாடத்தை நாமே தொடங்குவோம்: அன்று வெட்டிய பெயர்களை உரக்க வாசிப்போம்.