பாம்பன் கரையில் ஒரு புயற்கூண்டு



மண்டபத்தைக் கடந்து இராமேசுவரம் தீவுக்குச் செல்வோர், பாம்பன் சாலைப் பாலத்தில் சற்று நின்று கடலைப் பார்க்காமல் போவதில்லை. ஒருபுறம் பாக் நீரிணை. மறுபுறம் மன்னார் வளைகுடா. அருகே 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம். அதையொட்டி 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலம். இக்காட்சியில் மயங்கி நிற்கும் நாம், பழைய பாலத்தில் பல்லாண்டுகள் காவல் இருந்த ஒரு சிறு கருவியை நினைத்துப் பார்ப்பதில்லை. காற்றின் வேகத்தை அளக்கும் கருவி அது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் ரயிலுக்கு வழி கிடைக்காது. காற்றுத் தணியும்வரை பயணிகள் கரையிலேயே காத்திருக்க வேண்டியதுதான். அந்தத் தாமதத்தை நொந்துகொண்டோர் பலர். அத்தாமதத்தின் மதிப்பை அறிய வேண்டுமானால், நீங்கள் தீவின் மறுகோடிக்கு வர வேண்டும்.

இராமேசுவரத்திலிருந்து தென்கிழக்கே செல்லும் சாலை, மணல்வெளியின் ஊடே தனுஷ்கோடியை அடைகிறது. கூரையிழந்த தேவாலயமும், ரயில் நிலையத்தின் இடிந்த சுவர்களும் உங்களை வரவேற்கும். ஒரு காலத்தில் இங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் போயிற்று. சுங்கச் சாவடியும் அஞ்சலகமும் பள்ளிக்கூடமும் இருந்தன. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் யாவும் முடிந்தன. அந்தமான் அருகே உருவாகி, வங்கக் கடலைக் கடந்து, இலங்கையின் வவுனியாவைத் தாக்கிய புயல் இவ்வூரின்மீது பாய்ந்தது. இரண்டு ஆள் உயரத்தையும் மிஞ்சிய அலைகள் ஊருக்குள் புகுந்தன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், நிலையத்தை எட்டும் முன்னரே கடலுக்கு இரையாயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்திரங்களும் அடித்துச் செல்லப்பட்டன.

சிந்தித்துப் பாருங்கள். வேகம் கூடிய காற்றில் ரயிலை நிறுத்தும் ஏற்பாடு அன்று இருந்திருந்தால், அந்தக் குடும்பங்கள் பாம்பனிலேயே இரவைக் கழித்திருக்கும். விடிந்ததும் நொந்துகொண்டே வீடு திரும்பியிருக்கும்.

காற்றை வாசித்தவர்கள்

காற்றை அறிந்து கடலில் இறங்குவது நம்மவர்க்குப் புதிதன்று. ஆங்கிலத்தில் ‘மான்சூன்’ என வழங்கும் சொல்லே, பருவம் எனப் பொருள்படும் ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. எந்தப் பருவக் காற்றில் எந்தத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட வேண்டும் என்பதைக் கி.பி. 15-ஆம் நூற்றாண்டிலேயே அரபுக் கடலோடி அஹ்மத் இப்னு மாஜித் எழுதி வைத்தார். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மரக்கலம் செலுத்திய நம் முன்னோரும் அக்காற்றுகளை நம்பியே கடலில் இறங்கினர்.

எனினும் பருவக் காற்றை அறிவது வேறு; புயலை முன்னறிவது வேறு. இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அவர்கள் வளர்ந்த இல்லத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்தம் தந்தையார் தம் கையாலேயே கட்டிய மரப்படகு ஒரு புயலில் அழிந்து போனது. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்க்கும் புயல் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

கூண்டின் பின்னால் இருப்பவை

மீண்டும் பாம்பனுக்கு வாருங்கள். இத்துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றி வானொலியில் கேட்டிருப்பீர்கள். ஒன்றாம் எண், புயலாக மாறக்கூடிய காற்றழுத்தத் தாழ்வு தொலைவில் உருவாகியிருப்பதைக் குறிக்கும். பத்தாம் எண் பேரபாயத்தின் உச்சம். அதற்கும் மேலே பதினொன்று உண்டு. வானிலை அலுவலகத்துடன் இருந்த தொடர்பே அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். எச்சரிக்கைகளிலெல்லாம் கொடியது, செய்தி வாராமை!

அந்தச் செய்தி எவ்வாறு பிறக்கிறது? 1864-இல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியது. அடுத்து வந்த ஆண்டுகளில் பஞ்சம் வாட்டியது. அந்த அனுபவத்தின் பின்னரே 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றிற்று. அன்று தொடங்கிய அளவைப் பணி இன்றும் ஓயவில்லை. வெண்ணிறச் சட்டங்கள் அமைந்த மரப்பெட்டிக்குள், வெயில் நேரே படாமல் வெப்பமானி தொங்குகிறது. நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு மழைமானியின் நீர் அளக்கப்படுகிறது. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். காலையிலும் மாலையிலும் ஐந்தரை மணியளவில், சென்னை, காரைக்கால் போன்ற நிலையங்களிலிருந்து பலூன்கள் பறக்கின்றன. அவற்றில் கட்டிய சிறு பெட்டி, உயரே செல்லச் செல்ல வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியவற்றை வானலை வழியே சொல்லிக்கொண்டே போகிறது. நடுக்கடலில் மிதவைகள் அலையையும் காற்றையும் அளக்கின்றன. பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இன்சாட் செயற்கைக்கோள்கள் மேகங்களைப் படம் எடுத்தவண்ணம் இருக்கின்றன. கரையை நெருங்கும் புயலை ரேடார் பிடித்துக்கொள்கிறது. அது அனுப்பும் அலை மழைத்துளிகளில் மோதித் திரும்பும்போது, அவை நெருங்குகின்றனவா விலகுகின்றனவா என்பதும் தெரிந்துவிடும்.

இவ்வளவும் ஒரே கணக்கில் சேர்கின்றன. வானத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த சில நிமிடங்களில் காற்றும் வெப்பமும் ஈரமும் எவ்வாறு மாறும் என்று கணினி கணக்கிடுகிறது. அந்த விடையை வைத்துக்கொண்டு அடுத்த சில நிமிடங்கள்; இப்படியே பல நாட்கள். 1922-இல் வெளியான நூலில் ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர் இதைக் கையாலேயே கணக்கிட்டுக் காட்டினார். ஆறு மணி நேர முன்னறிவிப்புக்கு வாரக்கணக்கில் உழைத்தார். வந்த விடையோ தவறாயிற்று! ஆனால் அவர் காட்டிய வழியே சரியான வழி என்பதைக் கணினிகள் மெய்ப்பித்தன.

பொய்த்த எச்சரிக்கையா?

2020 டிசம்பரில் புரெவி என்னும் புயல், ஏறக்குறைய 1964-ஆம் ஆண்டுப் புயலின் வழியிலேயே இலங்கையைக் கடந்து பாம்பனை நோக்கி வந்தது. எச்சரிக்கைகள் முன்கூட்டியே விடுக்கப்பட்டன. ஆனால் புயலோ இராமநாதபுரம் அருகே அசையாது நின்று வலுவிழந்தது. அதன் மழை, தொலைவிலுள்ள டெல்டா மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. இதற்கு மாறாக, 2024 நவம்பர் 20-ஆம் நாள் புயல் ஏதுமின்றியே இராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்து ஊரையே நீரில் ஆழ்த்தியது. பெரும் புயலின் பாதையைச் சில நாட்கள் முன்னரே கணிக்க இயல்கிறது. ஓர் ஊரின்மீது மட்டும் கவியும் மேகத்தைக் கணிப்பதோ இன்னும் கடினம். தொடக்க அளவுகளில் நேரும் சிறு பிழையும் நாட்கள் செல்லச் செல்லப் பெருகிவிடும். ஆகவேதான் அறிஞர்கள் தொடக்க அளவுகளைச் சற்றுச் சற்று மாற்றி ஒரே கணக்கைப் பலமுறை போடுகின்றனர். விடைகள் ஒத்துப்போனால் உறுதியாகச் சொல்கின்றனர். சிதறினால் ‘வாய்ப்பு உண்டு’ என்கின்றனர். அது மழுப்பல் அன்று. தம் அறிவின் எல்லையை ஒப்புக்கொள்ளும் நேர்மை.

நாளை நடப்பதைச் சொல்வது மறைவான ஞானத்தில் கைவைப்பது ஆகாதா என நம்மில் சிலர் ஐயுறுவதுண்டு. மறைவானவற்றை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. இதில் நமக்கு ஐயமில்லை. வானிலை அறிஞர் அந்த ஞானத்துக்கு உரிமை கோருவதும் இல்லை. இறைவன் படைப்பில் அமைத்துள்ள ஒழுங்கை அளந்து, கண்டதைச் சொல்லி, தவறக்கூடும் என்றும் சேர்த்தே சொல்கிறார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டும்படி நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த பாடம் நாம் அறியாததா? எச்சரிக்கை கேட்டதும் படகைக் கரையேற்றுவதும், முதியோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குச் செல்வதும் தவக்குலுக்கு முரணல்ல. அதன் ஒரு பகுதியே.

ஒரிசாவில் 1999-இல் வீசிய புயலில் சுமார் பத்தாயிரம் பேர் மாண்டனர். அதே மாநிலத்தில் 2013-இல் வீசிய பாய்லின் புயலிலோ உயிரிழந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. இடைப்பட்ட காலத்தில் கடல் சாந்தமாகிவிடவில்லை. கணிப்பு கூர்மையாயிற்று; மக்களும் அதைக் கேட்டு இலட்சக்கணக்கில் இடம் பெயர்ந்தனர்.

எனவே அடுத்த முறை எச்சரிக்கையை நம்பிப் புறப்பட்டு, புயல் வாராமல் நீங்கள் வீடு திரும்பும்போது ‘ஏமாற்றிவிட்டார்களே’ என்று முணுமுணுக்காதீர்கள். ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று சொல்லுங்கள். தனுஷ்கோடிக்குச் சென்ற அந்த ரயிலில் இருந்தவர்களுக்கு அவ்வாறு திரும்பும் பேறு கிட்டவில்லை.