கேம்பர் பிளேட்டும் அம்மாயியின் திங்கட்கிழமையும்

ஓடிக் களைத்த ஒரு டயரைப் பார்த்தாலே அந்த வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம். நடுவில் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. வெளி ஓரம் மட்டும் மொட்டையாகி, உள் ஓரத்தில் பட்டன் பட்டனாக ரப்பர் அப்படியே இருந்தால்? ஒன்று அலைன்மென்ட் கெட்டிருக்கிறது, இல்லையென்றால் யாரோ அந்த வண்டியை வளைவுகளில் பிழிந்து எடுத்திருக்கிறார்கள்.

கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவரின் மகன் விஷயத்தில் இரண்டாவது காரணம்தான். மெக்கானிக்கல் கடைசி வருடம். வீட்டில் ஒரு பழைய மாருதி எஸ்டீம். 1994ல் வந்து 2007ல் தயாரிப்பு நின்றுபோன கார் அது. எடை குறைவு, 1.3 லிட்டர் என்ஜின், ஒரு காலத்தில் இந்திய ரேஸ் பையன்களின் செல்லப்பிள்ளை. செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு வந்தான். முன் டயர் இரண்டும் காலி. (அந்த டிராக்குக்குப் பெயர் தந்த கரிவர்தன், மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா கார் செய்தவர். 1995ல் விமான விபத்தில் இறந்துபோனார். டிராக் திறந்தது 2003ல். அவரைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.)

ஏன் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது? எஸ்டீமின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்க என்ஜினியர் 1940களில் யோசித்தது. 1949ல் ஃபோர்டு வெடெட், 1950ல் இங்கிலாந்து ஃபோர்டு கான்சல் என்று ஆரம்பித்து, பிறகு உலகத்தின் பாதிச் சின்னக் கார்களில் குடியேறிவிட்டது. மலிவு, இடமும் குறைவு. ஒரே குழாய்க்குள் ஷாக் அப்சார்பர், அதைச் சுற்றி ஸ்பிரிங், மேலே பானட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் மவுன்ட். சிக்கல் என்னவென்றால், வளைவில் பாடி வெளிப்பக்கம் சாயும்போது ஸ்ட்ரட்டின் தலையும் கூடவே சாய்கிறது, சக்கரமும் அதன் பின்னால் போகிறது. டயர் தன் வெளி ஓரத்தில் ஒற்றைக்காலில் நிற்கிறது.

இதற்கு வைத்தியம், நிற்கும்போதே சக்கரத்தின் தலையைக் கொஞ்சம் உள்ளே சாய்த்து வைப்பது. நெகட்டிவ் கேம்பர். அப்போது வளைவில் பாடி சாய, சாய, டயர் நிமிர்ந்து முழுப்பாதமும் பதியும். ரோட்டு வண்டிக்கு அரை டிகிரி, ஒரு டிகிரி போதும். டிராக்குக்கு இரண்டு, மூன்று வேண்டும். கம்பெனி மவுன்ட்டில் திருப்ப எதுவும் கிடையாது. அந்த ரப்பர் மவுன்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நீள ஓட்டை போட்ட ஒரு இரும்புப் பிளேட்டும், நடுவில் உருண்டை பேரிங்கும் வைத்தால் அதுதான் கேம்பர் பிளேட். ஆலன் போல்ட்டைத் தளர்த்து, உள்ளே தள்ளு, முடுக்கு. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று பையனும் நினைத்தான். நெட்டில் படம் பார்த்து வரைந்து, பட்டறை ஸ்கிராப்பில் கிடந்த தகட்டில் இரண்டு பிளேட் வெட்டியும் வைத்துவிட்டான்.

அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருடமாக பம்ப்செட் சாமான் கடைந்த கை.

"ஏங் கண்ணு, வண்டியோட எடை இதுல எந்தப் பக்கம் தள்ளும்?"

"மேல தானுங்கப்பா."

"அப்ப இந்த பேரிங்கை மேல ஒரு சர்க்ளிப்தான் புடிச்சிருக்குது. அது தெறிச்சா?"

பையனிடம் பதில் இல்லை. எஸ்டீமின் முன்பாதி எடை முழுக்க அந்த இரண்டு பிளேட் வழியாகத்தான் இறங்குகிறது. ஒரு குழியில் விழுந்தால் அந்த எடை பல மடங்காகும். அதை ஒரு விரல் தடிமன்கூட இல்லாத வளையத்தை நம்பி விட்டிருந்தான்.

"திங்களும் வியாழனும் இதுலதான் அம்மாயி போறாங்க" என்றார் அப்பா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அம்மாயிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வீட்டில் இருப்பது இந்த ஒரு கார்தான்.

திட்டாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல், அப்பா அன்று ராத்திரி லேத்தை ஓட்டினார். இதைத்தான் சொல்லவேண்டும். 8 மி.மீ. பிளேட். பேரிங் உட்காரும் குழியை அடியிலிருந்து கடைந்து, மேலே இரும்பிலேயே ஒரு தோள் விட்டார். எடை தள்ளும்போது பேரிங் போய் அந்தத் தோளில் முட்டும். சர்க்ளிப் கீழே போயிற்று, வண்டியை ஜாக்கியில் தூக்கும்போது பேரிங் நழுவாமல் இருப்பதுதான் இப்போது அதன் வேலை. பிளேட் ஓரத்தில் 2 மி.மீ.க்கு ஒரு பஞ்ச் புள்ளி, இரண்டு பக்கமும் ஒரே அளவில் தள்ள.

மாட்டும் வேலையில் ஒன்றே ஒன்று: ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் போட்டு அமுக்காமல் நடு நட்டைத் தொடவே கூடாது. தொட்டவர்கள் மூஞ்சி பெயர்ந்திருக்கிறது.

பையனுக்கு மூன்று டிகிரி ஆசை. கீழே பால் ஜாயின்ட்டிலிருந்து மேலே மவுன்ட் வரை சுமார் 600 மி.மீ. என்றால், ஒரு டிகிரிக்கு 10 மி.மீ. தள்ளவேண்டும். 15 மி.மீ.யிலேயே ஸ்பிரிங் தொப்பி டவரின் உள்சுவரில் உரசியது. அத்தோடு சரி. ஏற்கெனவே அரை டிகிரி இருந்ததால் மொத்தம் இரண்டு. அளந்தது எதை வைத்து தெரியுமா? கொத்தனார் தூக்குக்குண்டு! ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 350 மி.மீ. உயரம். நூலிலிருந்து மேலே 12 மி.மீ. அதிகம் விலகி நின்றால் இரண்டு டிகிரி. பெரிய கடை மெஷின்காரர்கள் கோபிக்கக்கூடாது :-)

கேம்பரைத் தொட்டால் டோ தானாகவே மாறிவிடும். இதைப் பலரும் மறந்துவிட்டு, "கேம்பர் வைத்தேன், டயர் தின்றுவிட்டது" என்று புலம்புகிறார்கள். தின்றது பெரும்பாலும் டோதான். இவர்களும் முதல் நாள் மறந்தார்கள். அவினாசி ரோட்டில் ஸ்டீயரிங் நாய்க்குட்டி மாதிரி இங்கேயும் அங்கேயும் ஓடியது. திரும்பி வந்து வண்டியின் இரண்டு பக்கமும் நூல் கட்டி, டை ராடைத் திருகிச் சரிசெய்தார்கள்.

டிராக்கில் பலன் தெரிந்தது. வளைவில் முன்பக்கம் வெளியே வழுக்கிக்கொண்டே போகும் குணம் பாதியாகக் குறைந்தது. இறங்கி டயரைத் தொட்டால் உள், நடு, வெளி மூன்றும் ஏறக்குறைய ஒரே சூடு. நேர்க்கோட்டில் கடும் பிரேக் போடும்போது மட்டும் பிடிப்பு ஒரு துளி குறைவு, சாய்ந்த டயர் என்பதால். பையன் வானத்தில் பறந்தான்.

மறுநாள் திங்கட்கிழமை. ரப்பர் இருந்த இடத்தில் இப்போது இரும்பு. ஒவ்வொரு குழிக்கும் டங், டங் என்று சத்தம். ஊசி குத்தி வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்திருந்த அம்மாயி, திரும்பி வரும் வழியில் பாலத்தைத் தாண்டியதும் கேட்டார்: "வண்டிக்கு மேலுக்கு முடியலையா சாமி? எலும்புக்குள்ள அதிருது."

பையன் அதற்கப்புறம் பேசவில்லை. இருபது கிலோமீட்டரில் ஓட்டிக்கொண்டு வந்தான்.

பழைய கடையில் இன்னொரு ஜோடி ஸ்ட்ரட் வாங்கினான். அதில் கம்பெனி ரப்பர் மவுன்ட். மேலே நட்டுகள், கீழே இரண்டு போல்ட், பிரேக் ஹோஸ், பிறகு டோவுக்கு நூல். பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. டிராக்குக்குப் போகும் சனிக்கிழமை ராத்திரி ஒரு தடவை, திரும்பி வந்த ஞாயிறு ராத்திரி ஒரு தடவை. தூசியும் மழையும் பட்டால் அந்த பேரிங் சீக்கிரம் கடகடக்கும் என்பதால் பிளேட்டுக்கும் அது நல்லதாகப் போயிற்று.

ஞாயிறு ராத்திரிகளில் அப்பா டார்ச் பிடிக்கிறார். நூலை ஒரு முனையில் அவர், மறுமுனையில் பையன்.

"அரை மில்லி வெளிய நிக்குது பாரு."

"விடிகாலைல பாத்துக்கலாமுங்கப்பா."

"ஆறு மணிக்குக் கெளம்பணும். இப்பவே திருகு."