துடைக்க விடாதவன்

கட்டிலின் பக்கக் கம்பியைத் துடைக்க வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். எங்கள் மருத்துவமனை விடுதியில் சிற்றூழியராக இருந்த கதிரவெளி அக்கா குளோரின் தண்ணீரும் துணியுமாக வந்து நின்றார். "தேவையில்லை அக்கா, இது வெள்ளி நானோ பூச்சுப் போட்ட கம்பி. கிருமி தானாச் செத்துப்போகும்" என்றேன். "எல்லாரும் கை வைக்கிற இடம் தம்பி, ஒருக்கா துடைச்சு விடுறனே" என்றார். நான் விடவில்லை. தாதிய உத்தியோகத்தரான நான் சொன்னால் அவர் மறுத்துப் பேச மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

பூச்சில் பொய் இல்லை. ஈரம் பட்டதும் வெள்ளி நுண்துகளிலிருந்து கசியும் அயனிகள் பக்டீரியாவின் புரதங்களைப் பற்றி முடக்கிவிடுகின்றன. வட அமெரிக்காவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வொன்றில், சாதாரண மூச்சுக்குழாய் போட்டவர்களில் 7.5 வீதத்தினருக்கு நியூமோனியா வந்தது. வெள்ளி பூசிய குழாய் போட்டவர்களில் 4.8 வீதம். இதைப் படித்து மகிழ்ந்தேன். வெள்ளி பூசிய சிறுநீர்க் குழாயால் பெரிய பயன் இல்லை என்று 2012இல் பிரித்தானிய ஆய்வு சொன்னதையும் படித்திருந்தேன். அதை வசதியாக ஒதுக்கிவிட்டேன்.

இத்தகைய பூச்சுகளைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 22196 முறையில் கிருமிக் கரைசலை மேற்பரப்பில் விட்டு, மேலே மூடி, 35 பாகை வெப்பத்தில் 24 மணித்தியாலம் ஈரமாகவே வைத்திருப்பார்கள். எங்கள் கம்பியோ காய்ந்து கிடந்தது. நோயாளிகள் பிடித்து எழும்பும் இடத்தில் பூச்சுத் தேய்ந்து உலோகம் மங்கலாகத் தெரிந்தது. அதன் கீழே பிளாஸ்டர் பசை, வழிந்து காய்ந்த சேலைன் கோடு. அழுக்குப் படிந்தால் வெள்ளி கிருமியைத் தொடுவதே இல்லை. வியர்வையிலும் புண்ணீரிலும் உள்ள குளோரைடும் புரதமும் வெள்ளி அயனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும், வேலை குறைகிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பூச்சை நம்பினேன். கையுறை மாற்றுவதிலும் கை கழுவுவதிலும்கூட அசட்டையானேன்.

நீரிழிவுப் புண்ணோடு அந்தக் கட்டிலில் கிடந்த கரைவலைக்காரர் ஒருவருக்குப் புண் சீழ் பிடித்தது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கம்பிதான் காரணம் என்று எவரும் நிரூபிக்கவில்லை. அந்தச் சாக்கில் நான் ஒளிந்துகொள்ள மாட்டேன். கிருமி போகும் வழியை அடைக்க வந்தவரை மறித்தது நான்.

பணியில் புதிதாகச் சேரும் தம்பி தங்கையரே, எந்தப் பூச்சுப் போட்ட கட்டிலாக இருந்தாலும் கம்பியை நாள்தோறும் துடையுங்கள். ஒவ்வொரு நோயாளியையும் தொடுமுன் கை கழுவுங்கள். துணியோடு வரும் சிற்றூழியரைத் தடுக்காதீர்கள்.