பின்ஸ் ரோடில் இப்போது மெக்கானோ இல்லை

லிவர்பூலுக்கு வருகிறவர்கள் பீட்டில்ஸைத் தேடுவார்கள். நகரின் கிழக்கே பின்ஸ் ரோடுக்குப் போகும் சில நரைத்த தலைகள் தேடுவதோ இல்லாத ஒரு ஆலையை. ஃபிராங்க் ஹார்ன்பி 1901-ல் காப்புரிமை பெற்ற, துளையிட்ட உலோகப் பட்டைகள் மெக்கானோவாகி இங்கிருந்துதான் உலகெங்கும் போயின.

ஆனால் அவர்கள் அதிகம் பேசுவது பொம்மையைப் பற்றி அல்ல. 1919-ல் தொடங்கி, பின்னர் மறைந்துபோன மெக்கானோ கில்டு பற்றி. சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ், கடல் கடந்த பையன்களுடன் கடிதத் தொடர்பு, உண்மை பேசி நன்றாகப் படிக்க வேண்டும் என்ற உபதேசம். (சிறுமிகளை யாரும் நினைக்கவில்லை.) விற்பனைத் தந்திரம்தான். இருந்தும், கிரேன் செய்த பட்டைகள் தொலைந்த வீடுகளிலும் பேட்ஜ் பத்திரமாக இருக்கிறது.

1979 நவம்பர் 30 அன்று ஆலை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. தொழிலாளர்கள் வெளியேற மறுத்து மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தார்கள். பலனில்லை. நூற்றுக்கணக்கானோருக்கு வேலை போயிற்று.

இதே ஆலையின் டிங்கி கார் அச்சுகள் சில அதற்கு முன்பே, 1960-களின் இறுதியில், கல்கத்தாவுக்கு வந்துவிட்டன. அங்கே 'நிக்கி டாய்ஸ்' ஆயின. பெயிண்ட் சுமார்தான். பிரிட்டிஷ் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றையும் தேடி வாங்குகிறார்கள்.