அறுபதில வைக்கணும்

பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் எங்கட கதிரவெளிப் பொடியனுகள் சிலர் வேலை செய்கிறார்கள். என் தம்பியும் அங்கேதான். காஸ் பொயிலரை நாற்பதில வை என்று மேலே இருந்து உத்தரவாம். காஸ் விலைக்கு அது நியாயம் போலத்தான் தெரியும்.

ஆனால் 20 முதல் 45 பாகை வரை லெஜியோனெல்லா கிருமிக்கு நல்ல விளைநிலம். ஷவர்த் துளியோடு நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆக்கும். 1976இல் பிலடெல்பியா ஹோட்டலொன்றில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலர் செத்த பிறகுதான் இந்தக் கிருமியே பிடிபட்டது. அதனால் தாங்கித் தண்ணீர் 60 பாகையில் இருக்கணும்.

அப்படியே குழாய்க்கு விட்டால்? ஐந்து விநாடியில் பெரியவர் தோலே வெந்துபோகும்; பிள்ளைகளுக்கு அவ்வளவும் தேவையில்லை. குளிர்நீர் கலந்து சூட்டைக் குறைக்கிற வால்வு ஒன்றைக் குழாய்க்கு முன்னால் பூட்டணும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் கையை விட்டுப் பார்த்துத்தான் அள்ளுவோம். ஷவருக்குக் கீழே நிற்கிறவருக்கு அந்த வசதி ஏது?

"வால்வு பூட்டியாச்சா?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"சீசன் முடியட்டும் எண்டு சொல்றாங்க."