ஸ்கோர் புத்தகமும் பானை ஓடும்

யாழ்ப்பாணம் நாவலர் வீதியில், நாவலர் மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது தொல்பொருள் நூதனசாலை. வாசலில் ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கிகள், பக்கத்தில் திமிங்கில எலும்புகள். ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த பன்னிரண்டு வயதுப் பையன் அந்த எலும்புகளையே சுற்றிச் சுற்றி வந்தான்.

“அப்பப்பா, மட்ச் தொடங்கியிருக்குமோ?”

“தொடங்கியிருப்பாங்கள் ராசா. மூண்டு நாள் ஆட்டம், அவசரப்படாதை. உள்ளுக்குப் போய் வடிவாப் பார்.”

உள்ளே பருத்தித்துறையிலிருந்து வந்த பழைய பல்லக்கு, கந்தரோடையில் கிடைத்த புத்தர் சிலைகள். கந்தரோடைச் சிலைகளுக்கு முன்னால்தான் அப்பப்பா நெடுநேரம் நின்றார். சுன்னாகத்துக்கு அருகே உள்ள அந்த ஊரை முதலில் ஆராய்ச்சிக் கண்ணோடு பார்த்தவர், போல் பீரிஸ் என்பவர். 1917இலிருந்து 1919 வரை அவர் அங்கே வேலை செய்தார். 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலை அகழ்வு நடத்தியது. கறுப்பு, சிவப்பு நிற மட்பாண்டத் துண்டுகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. உடைந்த பானை ஓடு தன்னளவில் வெறும் ஓடுதான். எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று ஒருவர் குறிப்பேட்டில் எழுதி வைத்த பிறகே அது வரலாறாகிறது. 1980இல் ஆனைக்கோட்டையில் பேராசிரியர் இந்திரபாலா தலைமையிலான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு, பிராமி எழுத்துப் பொறித்த சிறிய முத்திரை ஒன்றைக் கண்டெடுத்தது. அது ஒரு மனிதனின் எலும்புக்கூட்டோடு சேர்ந்து கிடந்தது என்ற குறிப்புத்தான் அந்த முத்திரையைப் பேச வைக்கிறது.

ஓட்டோவில் கொஞ்ச நேரப் பயணம். மத்திய கல்லூரி மைதானத்தை நெருங்கும் முன்பே பாண்ட் வாத்தியம் காதை அடைத்தது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான இந்தத் துடுப்பாட்டப் போட்டி 1904இல் தொடங்கியது. மத்திய கல்லூரியின் தொடக்கம் 1816, சென் ஜோன்சின் தொடக்கம் 1823. பத்திரிகைகள் இதை ‘வடக்கின் பெரும் சமர்’ என்று எழுதும். சமர் என்ற சொல்லை வேறு பொருளில் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, மாணவர்கள் கொடி பிடித்து ஆடும் இடத்தில் அதே சொல் ஒலிப்பது பெரிய ஆறுதல். மார்ச் மாத வெயில் நெருப்பாய் எரிக்கும். கச்சான் கோதுகள் காலடியில் நொறுங்கும். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுப்பெடுத்து வந்த பழைய மாணவர்கள் கூடாரத்துக்குள் ஒருவரையொருவர் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

பையனுக்குத் தெரிந்தது பேஸ்போல். புளூ ஜேய்ஸ் அணி 1992இலும் 1993இலும் உலகத் தொடரை வென்ற கதையை அவன் பிறப்பதற்கு முன்னமே நடந்ததென்று பாராமல் நேரில் கண்டதுபோலச் சொல்வான். மைதானத்தில் பந்து மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, அவன் கண் ஸ்கோர் எழுதுபவரின் மேசைக்குப் போய்விட்டது. ஓட்டம் எடுக்காத பந்துக்கு ஒரு புள்ளி. ஆறு பந்தும் புள்ளியானால், அவற்றைக் கோடிட்டு இணைத்து ‘எம்’ எழுத்தாக்கிவிடுவார். அதுதான் மெய்டன் ஓவர்.

“நாங்களும் இப்பிடித்தான் எழுதுவம் அப்பப்பா. அடிக்கிறவர் மூண்டு ஸ்ட்ரைக்கில அவுட் எண்டால் ‘கே’.”

அவன் சொன்னதற்கு ஒரு வேர் இருக்கிறது. அந்தக் ‘கே’யைத் தந்தவர் ஹென்றி சட்விக். 1824இல் இங்கிலாந்தின் எக்செற்றரில் பிறந்து, பன்னிரண்டு வயதில் பெற்றோரோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். நியூயோர்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர், கிரிக்கெட் ஸ்கோர் அட்டையைப் பார்த்தே 1859இல் பேஸ்போலுக்கான ஸ்கோர் பெட்டியை வகுத்தார். ஆக, ரொறன்ரோப் பையனின் பென்சிலும் யாழ்ப்பாணத்து மேசையிலிருந்த பென்சிலும் ஒரு தாய்ப் பிள்ளைகள். சட்விக் சேர்த்துவைத்த பத்திரிகை நறுக்குகள் இன்றைக்கும் நியூயோர்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. கூப்பர்ஸ்ரவுன் என்ற சின்ன ஊரில் 1939இல் திறந்த பேஸ்போல் நூதனசாலையில் மட்டைகளும் கையுறைகளும் கண்ணாடிப் பேழைக்குள். லோர்ட்ஸ் மைதான நூதனசாலையிலோ, 1936இல் ஜஹாங்கீர் கான் வீசிய பந்து பட்டு இறந்த ஒரு சிட்டுக்குருவிகூடப் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கிறது.

அப்பப்பா தன் மாணவப் பருவத்தில் ஸ்கோர் எழுதியவர். அவருடைய பிரதிகள் ஒரு ட்ரங்குப் பெட்டியில் இருந்தன. போரால் வந்த 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது குடும்பம் மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போனது. கையில் எடுத்தது குழந்தைகளையும் அரிசியையும். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை, பெட்டியும் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. வீதிக்கு அப்பால் வெள்ளைக் குவிமாடத்தோடு தெரிந்த பொது நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1981இல் ஓர் இரவில் 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்துபோன கட்டடம் அது.

பள்ளிப் பையன்களின் பந்தாட்டக் கணக்கைக் கந்தரோடையோடு ஒப்பிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒப்பிடத்தான் வேண்டும். உதாரணத்துக்கு, சுழற்பந்து வீசும் விஜயகாந்த் வியாஸ்காந்த் மத்திய கல்லூரிப் பையன். 2020இல் லங்கா பிரிமியர் லீக்கில் ஜவ்னா ஸ்ராலியன்ஸ் அணிக்கு ஆடி, 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல் களத்தில் இறங்கினார். அவருக்கு முன்னால் நூறு வருடங்களாக இங்கே சுழற்பந்து வீசியவர்களின் பெயரெல்லாம் எங்கே? ஒவ்வொரு வருடமும் யார் ஆடினார்கள், யார் ஆட முடியாமல் போனார்கள் என்பதே இந்த ஊரின் வரலாறு. அதைச் சொல்லும் ஸ்கோர் காகிதங்களை ரொறன்ரோவின் ஸ்காபறோ நிலக்கீழ் அறைகளிலும் கொக்குவில் பரண்களிலும் கரையான் அரிக்கக் கிடக்க விடுவது பிழை.

2005இலிருந்து நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்தாவணங்களை மின்வடிவில் சேர்த்து வருகிறது. பள்ளி மலர்களும் அதில் உண்டு. எனவே பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த சமருக்கு வரும்போது வீட்டிலுள்ள ஸ்கோர் புத்தகத்தையும் அணிப் படத்தையும் கொண்டுவாருங்கள். படத்தின் பின்பக்கத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்களையும் ஆண்டையும் பென்சிலால் எழுதிக் கொடுங்கள்.