ஃபா எழுத்தும் பறங்கிப்பேட்டையும்

சென்ற மாதம் காரைக்குடியில் எனது மாலை வகுப்பில் ஒரு சிறுவன் ‘ஃபலக்’ என்று ஓத வேண்டிய இடத்தில் ‘பலக்’ என்றே ஓதிக்கொண்டிருந்தான். பலமுறை திருத்தியும் ஃபா வரவில்லை. பொறுமையிழந்த நான் அவனைப் போலவே ஓதிக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்துவிட்டனர். மறுநாள் அவன் வரவில்லை.

திக்கித் திணறி ஓதுபவருக்கு இரு கூலி உண்டு என்னும் நபிமொழியை அவ்வகுப்பிலேயே எத்தனையோ முறை எடுத்துரைத்தவன் நான். மூன்றாம் நாள் அஸருக்குப் பின் அவன் இல்லம் சென்றேன். “பறங்கிப்பேட்டையில் என் தாய்வீட்டில் வளர்ந்த பிள்ளை ஹஜ்ரத், இவ்வூர் இன்னும் பழகவில்லை” என்றார் தாயார். அவ்வூர்ப் பெயரே எனக்குப் பதில் சொல்வது போலிருந்தது.

வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள அவ்வூருக்குப் போர்ச்சுக்கீசியர் இட்ட பெயர் போர்ட்டோ நோவோ. ‘புதிய துறைமுகம்’ என்று பொருள். முஸ்லிம்கள் வழங்கிய மஹ்மூது பந்தர் என்னும் பெயரில் உள்ள பந்தரும் துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லே. 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலி ஆங்கிலேயரோடு பொருதியதை வரலாற்று நூல்கள் போர்ட்டோ நோவோ போர் என்றே எழுதுகின்றன. ஆயினும் தமிழர் நாவில் நிலைத்தது பறங்கிப்பேட்டைதான்.

பறங்கி எங்கிருந்து வந்தது? ஃபிராங்க் என்னும் ஐரோப்பிய இனத்தாரை அரபுகள் இஃப்ரன்ஜ் என்றனர். பாரசீகர் ஃபரங்கி என்றனர். நாளடைவில் மேலை ஐரோப்பியர் அனைவருக்கும் அதுவே பெயராயிற்று. தமிழுக்கு வந்தபோது ஃபா உதிர்ந்து பகரம் ஏறியது. நம் சமையலறைப் பறங்கிக்காயும் அவ்வழி வந்ததே. அச்சிறுவன் செய்ததும் வேறென்ன?

அரபுகளுக்கோ வேறு இடர். அவர்களிடம் பகரமே இல்லை. போர்ச்சுகல் என்னும் பெயரைத் தந்த போர்ட்டோ நகரை அவர்கள் பா எழுத்தால் எழுதுவர். அந்த மெல்லொலியைத் தமிழில் எழுதிக் காட்ட எனக்கும் வழியில்லை! ஆங்கிலேயரோ, போர்ச்சுக்கீசியர் முன்னே சேர்த்துச் சொல்லும் ‘ஓ’ என்னும் சுட்டையும் பெயரென்று கருதி, அதே நகரை நெடுங்காலம் ஒபோர்ட்டோ என்று வழங்கினர். நமது ‘அல்’ போன்றதுதான் அந்த ‘ஓ’.

ஊர்ப் பெயர் எப்படியும் திரியலாம்; ஓதும்போது எழுத்து திரியலாகாது. சிறுவனிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பின்னர், மேல் முன்பற்களின் நுனியைக் கீழுதட்டின் உட்புறத்தில் வைத்து மூச்சை விடச் சொன்னேன். நான்காம் முறை ஃபா வந்தது.

“அப்படியானால் ஃபறங்கிப்பேட்டை என்றுதானே சொல்ல வேண்டும், ஹஜ்ரத்?” என்றான்.

அடுக்களையிலிருந்து தாயார் சிரித்தது கேட்டது.